தானியப் பயிர்களில் வளர்ச்சி ஊக்கிகளும் நொதிகளின் இயக்கமும்

வேளாண் இடுபொருள்கள் விற்கும் கடைகளில் உரம், பூச்சி மருந்து, களைக்கொல்லி ஆகியவற்றை அடுத்து, 'வளர்ச்சி ஊக்கி', 'பயிர் டானிக்' என்ற பெயர்களில் சிறு புட்டிகள் அடுக்கப்பட்டிருப்பதை நாட்டின் எப்பகுதியிலும் காணலாம். ஒரு புட்டியின் விலை பல சமயங்களில் ஒரு மூட்டை யூரியாவின் விலையை மிஞ்சிவிடுகிறது. பயிரின் நொதிகளைத் தூண்டி விளைச்சலைப் பெருக்கும் என்பது அவற்றின் மேலுறையில் வழக்கமாகக் காணப்படும் வாசகம். இவ்வாசகத்தின் முதற்பாதிக்கு அறிவியலில் உறுதியான அடிப்படை உண்டு. ஆனால் இரண்டாம் பாதி முதற்பாதியிலிருந்து தானாகவே பெறப்படுவதன்று. நொதியின் இயக்கம் கூடுவது ஒன்று. களத்தில் குவியும் தானியம் கூடுவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அறிந்தால்தான் உழவர் செலவிடும் பணம் எங்கே பயன் தருகிறது, எங்கே வீணாகிறது என்று பிரித்துச் சொல்ல இயலும்.

'ஊக்கி' என்ற பெயரே சற்றுத் தவறான கருத்தைத் தரக்கூடியது. இவ்வகைப் பொருள்களில் சில வளர்ச்சியைத் தூண்டுவன, சில அடக்குவன, ஒரே பொருள் ஓர் உறுப்பில் தூண்டியும் மற்றோர் உறுப்பில் தடுத்தும் செயற்படுவதும் உண்டு. ஆகவே வளர்ச்சியை ஒழுங்குபடுத்தும் பொருள்கள் என்பதே பொருத்தமான பெயராகும். ஆக்சின், ஜிப்பரலின், சைட்டோகைனின், அப்சிசிக் அமிலம், எத்திலீன் என்ற ஐந்தும் தாவரங்கள் தாமே உருவாக்கிக்கொள்ளும் முக்கிய ஒழுங்குபடுத்திகள். குளோர்மெக்குவாட், பாக்லோபியூட்ரசால் போன்றவை தொழிற்சாலையில் செய்யப்படுபவை. இவை எதுவும் பயிருக்கு உணவல்ல. தழைச்சத்தைக் கிலோகிராம் கணக்கில் இட வேண்டும். ஒழுங்குபடுத்திகளோ மில்லிகிராம், கிராம் கணக்கிலேயே வேலை செய்கின்றன. எந்த நொதி, எந்தத் திசுவில், எப்போது, எவ்வளவு உருவாக வேண்டும் என்ற கட்டளையை எடுத்துச் செல்வதே அவற்றின் பணி.

மூட நாற்று

இத்துறையின் வரலாறு நெற்பயிரின் ஒரு நோயிலிருந்து தொடங்குகிறது. ஜப்பானிய உழவர்கள் தம் வயல்களில் சில நாற்றுகள் மட்டும் வெளிறி, மெலிந்து, மற்றவற்றைவிட மிக உயரமாக வளர்ந்து, கதிர் பிடிக்காமலே மடிவதைக் கண்டனர். அதனை மூட நாற்று என்ற பொருள்படும் 'பகானே' என்ற பெயரால் அழைத்தனர். 1926ஆம் ஆண்டில், அப்போது ஜப்பானின் ஆட்சியிலிருந்த தைவானில் பணியாற்றிய குரோசவா என்பவர், இந்நோய்க்குக் காரணமான பூஞ்சையை வளர்த்த நீரை வடிகட்டி, பூஞ்சை சிறிதும் இல்லாத அந்நீரை மட்டும் நாற்றுகளுக்கு இட்டபோதும் அவை அவ்வாறே நெடிதுயர்வதைக் காட்டினார். நெடுமையைத் தருவது பூஞ்சையன்று, அது சுரக்கும் ஒரு பொருளே என்பது இதனால் தெளிவாயிற்று. 1935இல் யபுதா அப்பொருளுக்கு ஜிப்பரலின் என்று பெயரிட்டார். பூஞ்சை சுரக்கும் இப்பொருளைப் பயிர்களும் தமக்குள் சிறிய அளவில் உருவாக்கிக்கொள்கின்றன என்பது பிற்காலத்தில் வெளிப்பட்டது.

இந்நோய் பழங்கதையாகிவிடவில்லை. பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் பூசா 1121, பூசா 1509 ஆகிய பாசுமதி ரகங்களை இது இன்றும் தாக்குகிறது. தேவைக்கு மேற்பட்ட வளர்ச்சிக் கட்டளை பயிரை என்ன செய்யும் என்பதற்கு அந்த வயல்களில் தலைதூக்கி நிற்கும் வெளிறிய செடிகளே சான்று. உயரமாக வளர்வதையே செழிப்பு என்று எண்ணுவோர் இதனைக் கருத்திற்கொள்வது நல்லது.

பார்லி மணியின் மூன்றடுக்கு

ஒழுங்குபடுத்தி ஒன்று நொதியின் மீது எவ்வாறு செயற்படுகிறது என்பது உலகில் வேறெந்தத் திசுவையும்விடப் பார்லி மணியில்தான் மிகத் தெளிவாக ஆராயப்பட்டுள்ளது. தானிய மணி ஒன்றை நெடுக்காக வெட்டிப் பார்த்தால் ஒரு முனையில் சிறிய கருவும், மீதியிடம் முழுவதும் மாவுச்சத்து நிறைந்த முளைசூழ்தசையும் காணப்படும். மாவுச்சத்தைத் தாங்கும் செல்கள் மணி முதிரும்போதே உயிரற்றுவிடுகின்றன. அவற்றைச் சுற்றிப் போர்வைபோல் அமைந்துள்ள அல்யூரோன் அடுக்கு மட்டும் உயிருடன் இருக்கிறது. கோதுமையில் இது ஒரு செல் கனமுள்ளது. பார்லியில் பெரும்பாலும் மூன்று செல் கனமுள்ளது. அரிசியைத் தீட்டும்போது தவிட்டுடன் நீங்கிவிடுவதில் இவ்வடுக்கும் அடங்கும்.

விதை நீரை உறிஞ்சியதும் கருவிலிருந்து ஜிப்பரலின் சுரந்து அல்யூரோன் அடுக்கை அடைகிறது. அங்குள்ள செல்கள் ஆல்ஃபா அமிலேஸ் என்ற நொதியையும், புரதத்தையும் செல்சுவரையும் சிதைக்கும் வேறு நொதிகளையும் உருவாக்கி முளைசூழ்தசைக்குள் செலுத்துகின்றன. மாவுச்சத்து சர்க்கரையாகக் கரைந்து, இன்னும் பச்சையம் பெறாத முளைக்கு உணவாகிறது. 1960ஆம் ஆண்டில் ஜப்பானில் யோமோவும் ஆஸ்திரேலியாவில் பேலெக்கும் தனித்தனியே இதனை மெய்ப்பித்தனர். அவர்கள் கையாண்ட முறை எளியது. கரு உள்ள பாதியை வெட்டி எறிந்துவிட்டால் எஞ்சிய பாதி மணி நீரில் பல நாள் கிடந்தாலும் அதன் மாவுச்சத்து கரைவதில்லை. அந்நீரில் சிறிதளவு ஜிப்பரலிக் அமிலத்தைச் சேர்த்தால், கரு இல்லாத அந்தப் பாதி மணியிலேயே மாவு கரைந்து சர்க்கரை வெளிப்படுகிறது. கரு அனுப்ப வேண்டிய கட்டளையை வெளியிலிருந்து கொடுத்தாலே போதும் என்பது இதன் பொருள்.

அடுத்து எழுந்த கேள்வி நுட்பமானது. மணிக்குள் ஏற்கெனவே உறங்கிக்கிடந்த நொதி விழித்துக்கொள்கிறதா, அல்லது நொதி புதிதாகவே உருவாகிறதா? ஜோசப் வார்னரும் பிலிப் ஃபில்னரும் 1967இல் இதற்கு விடை கண்டனர். சாதாரண ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கனமான ஆக்சிஜனைக் கொண்ட நீரில் அவர்கள் பாதி மணிகளை வைத்தனர். சேமிப்புப் புரதங்கள் சிதைந்து அமினோ அமிலங்களாகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் அவற்றில் சேர்கிறது. அந்த அமினோ அமிலங்களைக் கொண்டு புதிதாகக் கட்டப்படும் புரதம் எடை கூடியதாக இருக்கும்; பழைய புரதமோ பழைய எடையிலேயே இருக்கும். மணிகளிலிருந்து பிரித்தெடுத்த ஆல்ஃபா அமிலேஸ் முழுவதுமே எடை கூடியதாக இருந்தது. ஆகவே அது புதிதாக உருவானதே என்பதில் ஐயம் நீங்கியது.

மாணவர்கள் இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். அதே மணியிலுள்ள பீட்டா அமிலேஸ் என்ற நொதியின் இயக்கமும் முளைக்கும்போது உயர்கிறது. ஆனால் அது புதிதாக உருவாவதில்லை. மணி முதிரும் காலத்திலேயே உருவாகி முளைசூழ்தசையில் கட்டுண்டு கிடந்தது, புரதம் சிதைக்கும் நொதிகளால் விடுவிக்கப்படுகிறது. வேறு சில நொதிகளில் உற்பத்தி மாறாமலே, சிதைவு மட்டும் குறைவதால் அளவு உயர்ந்து தோன்றும். 'நொதி இயக்கம் இத்தனை சதவீதம் உயர்ந்தது' என்று ஆய்வறிக்கையொன்று கூறினால், இம்மூன்றில் எதனால் உயர்ந்தது என்ற கேள்வியும் உடன் எழ வேண்டும்.

அளவும் காலமும் இதில் எவ்வளவு முக்கியம் என்பதையும் பார்லி மணியே காட்டுகிறது. ஜிப்பரலிக் அமிலம் தொட்டவுடன் நொதி சுரப்பதில்லை. ஏறத்தாழ 8 மணி நேரம் கழித்தே ஆல்ஃபா அமிலேஸ் வெளிப்படத் தொடங்குகிறது. ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைந்திருந்தாலே விளைவு அநேகமாக உச்சத்தை எட்டிவிடுகிறது. அதற்கு மேல் பத்து மடங்கு சேர்த்தாலும் பயன் அதற்கேற்ப உயர்வதில்லை. பொருளாதார மாணவர்கள் இதில் குறைந்து செல் விளைவு விதியின் மிகக் கூர்மையான வடிவத்தைக் காணலாம்.

செல்லுக்குள் இக்கட்டளை நிறைவேறும் வழி பின்னர்தான் துலங்கியது. ஜிப்பரலினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதம் 2005இல் நெற்பயிரில் கண்டறியப்பட்டது. செல்லில் டெல்லா என்ற வகைப் புரதங்கள் தடைக்கட்டைபோல் அமர்ந்து, வளர்ச்சிக்குரிய மரபணுக்களை இயங்கவிடாமல் நிறுத்திவைக்கின்றன. ஜிப்பரலினுடன் சேர்ந்த ஏற்பி இத்தடைப் புரதத்தைப் பற்றியதும் அது சிதைக்கப்படுகிறது. தடை நீங்கியதும் நொதிக்குரிய மரபணு இயங்கத் தொடங்குகிறது. அதாவது ஜிப்பரலின் வண்டியை முன்னே தள்ளுவதில்லை. சக்கரத்துக்கு முன் வைத்த கட்டையை அகற்றுகிறது. இச்செய்தி பசுமைப் புரட்சியை விளங்கிக்கொள்ளவும் தேவைப்படும்.

அறுவடைக்கு முன் முளைத்தல்

ஜிப்பரலின் இடும் கட்டளைக்கு எதிர்க்கட்டளை இடுவது அப்சிசிக் அமிலம். பாதி மணிச் சோதனையில் இரண்டையும் சேர்த்து இட்டால் அமிலேஸ் உருவாவது தடைபடுகிறது. தாய்ச்செடியில் மணி முதிரும் காலத்தில் இவ்வமிலம் உள்ளே கூடியிருந்து, முளைக்காமல் காக்கிறது. விதை உறக்கம் என்று இதனைக் கூறுவர். இவ்வமிலத்தைச் சிதைக்கும் நொதி இயங்கத் தொடங்கும்போது உறக்கம் கலைகிறது. அப்சிசிக் அமிலத்தை உருவாக்க இயலாத, அல்லது அதனை உணர இயலாத சில மக்காச்சோள வகைகளில் மணிகள் கதிரில் இருக்கும்போதே முளைத்துவிடுவதும் காணப்பட்டுள்ளது.

விதை உறக்கம் என்பது கொள்முதல் நிலையத்தில் ரூபாய்க் கணக்காக மாறும் செய்தி. கோதுமை முதிர்ந்து நிற்கும் வேளையில் பல நாள் மழை பெய்தால், உறக்கம் குறைந்த ரகங்களின் மணிகளில் ஆல்ஃபா அமிலேஸ் உருவாகத் தொடங்கிவிடும். முளை வெளியே தலைகாட்டும் முன்பே மாவுச்சத்து சிதையத் தொடங்கியிருக்கும். அத்தகைய மாவு பிசையும்போது ஒட்டும். அதில் செய்த ரொட்டியின் உட்பகுதி பிசுபிசுக்கும். விதையாக வைத்தாலும் முளைப்புத் திறன் குன்றும். காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை நெல் அறுவடை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தோடு மோதும் ஆண்டுகளில், உறக்கம் குறைந்த குறுகிய கால ரகங்கள் களத்திலேயே முளைவிடுவதும் இதே நொதியின் வேலைதான்.

கோதுமை மணியின் நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. செந்நிற மணிகளையுடைய ரகங்களுக்குப் பொதுவாக உறக்கம் அதிகம். வெளிர்நிற மணிகளுக்குக் குறைவு. மெக்சிகோவிலிருந்து வந்த சொனோரா 64 செந்நிற மணியுடையது. இந்திய இல்லங்களில் அம்பர் நிறக் கோதுமைக்கே விருப்பம் இருந்தமையால், 1967இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து சர்பதி சொனோரா என்ற அம்பர் நிற ரகத்தை வெளியிட்டது. வறண்ட வெப்பத்தில் அறுவடை நடக்கும் வட இந்தியாவில் அம்பர் நிறத்தால் பெரிய தீங்கு நேர்வதில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பருவந்தவறிய மழை பெய்யும் ஆண்டுகளில்தான் நுகர்வோரின் நிற விருப்பத்துக்கு உழவர் விலை கொடுக்க நேரிடுகிறது.

2023ஆம் ஆண்டு அத்தகையது. மழையால் பாதிக்கப்பட்ட பஞ்சாப், ஹரியானா உழவர்களுக்காக மத்திய அரசு, கொள்முதல் கோதுமையில் சுருங்கிய, உடைந்த மணிகளுக்கான 6 சதவீத வரம்பை 18 சதவீதமாக உயர்த்தியது. பொலிவிழந்த மணிகளுக்கும் சலுகை அளித்தது. உழவர் நலனுக்கு இது உகந்த முடிவே. ஆயினும் பொலிவு என்பது கண்ணால் காணும் அளவுகோல். பொலிவிழந்த மணிக்குள் அமிலேஸ் இல்லாமலும் இருக்கலாம். பொலிவுள்ள மணிக்குள் அது மறைந்திருக்கவும் கூடும். நொதியை அளக்க 'வீழ்ச்சி எண்' என்ற சோதனை 1960ஆம் ஆண்டையொட்டிய காலம் முதல் பல நாடுகளில் வழக்கிலுள்ளது. ஏழு கிராம் மாவை 25 மில்லிலிட்டர் நீரில் கலந்து, கொதிநீரில் வைத்துக் கிளறிக் கூழாக்கி, கிளறுகோல் அக்கூழினூடே கீழிறங்க எத்தனை வினாடிகள் ஆகின்றன என்று பார்ப்பதே அது. நல்ல கோதுமையில் 300 வினாடிகளுக்கு மேலாகும். நொதி மிகுந்த கோதுமையில் கூழ் நீர்த்துவிடுவதால் 200 வினாடிகளுக்குள் கோல் இறங்கிவிடும். சேமிப்புக்கு ஏற்றது எது, உடனே அரைத்துத் தீர்க்க வேண்டியது எது என்று பிரிப்பதற்கு இத்தகைய சோதனை கண்பார்வையைவிட நம்பகமானது.

குட்டைப் பயிர்களின் வேதியியல்

1964-65இல் ஏறத்தாழ 1 கோடியே 23 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் கோதுமை உற்பத்தி 1970-71இல் ஏறத்தாழ 2 கோடியே 38 லட்சம் டன்னாக உயர்ந்தது. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வரவழைக்கப்பட்டதும், பாசனமும் உரமும் விலை உறுதியும் அதற்குத் துணைநின்றதும் பலரும் அறிந்தவை. தழைச்சத்தை ஏற்றுக்கொண்டும் சாயாமல் நிற்கும் குட்டைத்தன்மையே அவ்விதையின் சிறப்பு. ஜப்பானின் நோரின் 10 என்ற கோதுமையிலிருந்து பெறப்பட்ட அத்தன்மையின் உட்காரணம் 1999இல்தான் தெரியவந்தது. அம்மரபணுக்கள் உருவாக்குவது முன்னர்க் கூறிய தடைப் புரதத்தின் மாறிய வடிவம். ஜிப்பரலின் வந்தாலும் அந்தத் தடைக்கட்டை எளிதில் அகலுவதில்லை. பயிருக்குள் ஜிப்பரலின் குறைவில்லை. தண்டு அதன் கட்டளைக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை, அவ்வளவே.

நெற்பயிரின் குட்டைத்தன்மை வேறு வழியில் வந்தது. தைவானின் டி-ஜியோ-வூ-ஜென் ரகத்திலிருந்து 1966இல் வெளியான ஐஆர் 8 வழியாகப் பரவிய மரபணு, ஜிப்பரலின் உருவாகும் பாதையிலுள்ள ஒரு நொதியைக் குறைபடுத்துகிறது. இதுவும் 2002இல்தான் உறுதிப்பட்டது. குட்டை நெல்லுக்குச் செவி நன்றாகக் கேட்கும். கட்டளை பிறப்பிக்கும் குரல்தான் மெலிந்தது. ஆகவே குட்டை நெல்லின் மீது ஜிப்பரலிக் அமிலத்தைத் தெளித்தால் அது மீண்டும் நெடிதுயரும். குட்டைக் கோதுமை பெரிதும் அசையாது. ஒரே புட்டி இரு தானியங்களில் இருவேறு பலன் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

தண்டு செவிசாய்க்காவிட்டால் விதையும் முளைக்காமற்போகாதா என்று மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். பரவலாகப் பயிரிடப்படும் குட்டைக் கோதுமைகளில் கட்டளையை உணரும் திறன் குறைந்ததேயன்றி அற்றுப்போகவில்லை; விதையின் அமிலேஸ் தேவைக்கேற்ப உருவாகிறது. டாம் தம்ப் என்ற மிகக் குட்டைக் கோதுமையில் மட்டும் அல்யூரோன் அடுக்கும் ஜிப்பரலினுக்கு மிகக் குறைவாகவே இணங்குகிறது. அறுவடைக்கு முன் முளைப்பதைத் தடுக்க இதனைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் 1970களில் எழுந்தது. மிகையான குட்டைத்தன்மை அதற்கு இடையூறாயிற்று.

நொதியை உயர்த்தியும் உயராத விளைச்சல்

தழைச்சத்தோடு தொடர்புடைய நைட்ரேட் ரிடக்டேஸ் என்ற நொதியின் வரலாறு அதிகாரிகள் அறிய வேண்டிய ஒன்று. மண்ணிலிருந்து பயிர் உறிஞ்சும் நைட்ரேட்டைப் புரதமாக்கும் பாதையின் முதற்படியை இந்நொதி நடத்துகிறது. நைட்ரேட்டும் ஒளியும் இதனைத் தூண்டுகின்றன; பார்லி இலைகளில் சைட்டோகைனினும் இதன் உருவாக்கத்தைக் கூட்டுகிறது. உரத்தைப் புரதமாக்கும் வாயில் இதுவே என்பதால், இதன் இயக்கம் மிகுந்த பயிர்கள் விளைச்சலிலும் மிகும் என்ற நம்பிக்கை இயல்பாகவே தோன்றியது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு ஹேஜ்மனின் குழுவினர் மக்காச்சோளத்தில் இந்நொதி மிகுந்த செடிகளையும் குறைந்த செடிகளையும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தனர். நொதியின் இயக்கம் எதிர்பார்த்தவாறே மாறியது. ஆனால் மணியின் விளைச்சலோ புரதமோ அதனுடன் சேர்ந்து உயரவில்லை.

காரணம் விளங்காததன்று. வேர் எவ்வளவு நைட்ரேட்டை ஏற்கிறது, இலை எவ்வளவு ஒளியைப் பெறுகிறது, முதிர்ந்த இலையிலிருந்து தழைச்சத்து மணிக்கு எவ்வளவு விரைவில் செல்கிறது, மணிகளின் எண்ணிக்கை எத்தனை என்று பல கண்ணிகள் கொண்ட சங்கிலி அது. ஒரு கண்ணியைத் தடிப்பாக்கினால் சங்கிலி முழுவதும் வலுப்பெற்றுவிடாது. மேலும் இந்நொதியின் வாழ்நாள் சில மணி நேரமே. காலையில் பறித்த இலைக்கும் இரவில் பறித்த இலைக்கும் அளவு பெரிதும் வேறுபடும். தெளித்த செடியின் இலையை முற்பகலிலும், தெளிக்காத செடியின் இலையை மாலையிலும் பறித்து ஒப்பிட்டால் எந்தப் பொருளையும் சிறந்த ஊக்கி என்று 'நிறுவி'விடலாம்.

பணம் திரும்பும் இடங்கள்

இவ்வளவு கூறியதால் ஒழுங்குபடுத்திகள் அனைத்தும் பயனற்றவை என்று கொள்ளலாகாது. எந்த நொதி எங்கே தடையாக இருக்கிறது என்று அறிந்து பயன்படுத்தும் இடங்களில் அவை தெளிவான வருவாய் தருகின்றன. இவற்றுள் முதன்மையானது வீரிய ஒட்டு நெல்லின் விதை உற்பத்தி. இந்தியாவில் 1994இல் முதல் வீரிய ஒட்டு நெல் ரகங்கள் வெளியாயின. இன்று அவற்றின் விதை பெரும்பாலும் தெலங்கானாவின் கரீம்நகர், வாரங்கல் வட்டாரங்களில் உற்பத்தியாகிறது. பெண் பெற்றோராகப் பயன்படும் ஆண்மலட்டுச் செடிகளில் மேற்கணுவிடை போதிய அளவு நீளாததால் கதிரின் அடிப்பகுதி கண்ணாடி இலையின் உறைக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. உள்ளே சிக்கிய பூக்களுக்கு மகரந்தம் கிட்டாது. கதிர் வெளிவரத் தொடங்கும் தருணத்தில் ஜிப்பரலிக் அமிலத்தைத் தெளித்தால், செல்சுவரை நெகிழ்விக்கும் நொதிகளும் புரதங்களும் இயங்கிக் கணுவிடை நீண்டு கதிர் முழுவதும் வெளிவருகிறது. இந்தியப் பரிந்துரை ஹெக்டேருக்கு 60 கிராம் அளவில் உள்ளது. சீனாவில் இதைவிடப் பல மடங்கு தெளிப்பர். விதை உற்பத்திச் செலவில் இது கணிசமான ஓர் இனம். செலவைக் குறைக்க மற்றொரு வழியும் உண்டு. ஜிப்பரலினைச் சிதைக்கும் ஒரு நொதி செயலிழந்த நெல்வகைகளில் மேற்கணுவிடை தானாகவே நீள்கிறது. 1981இல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்ட இத்தன்மையை ஆண்மலட்டு வரிசைகளுக்குள் புகுத்தினால் தெளிப்பின் தேவை குறையும்.

இரண்டாவது, இதற்கு நேர்மாறான பயன். குளோர்மெக்குவாட், ஜிப்பரலின் உருவாகும் பாதையின் தொடக்கத்திலுள்ள நொதியைத் தடுத்துத் தண்டைக் குறுக்குகிறது. ஐரோப்பாவில் கோதுமை சாயாமலிருக்க இதனை நெடுங்காலமாகத் தெளித்து வருகின்றனர். கர்னாலிலுள்ள இந்தியக் கோதுமை மற்றும் பார்லி ஆராய்ச்சி நிலையம் டிபிடபிள்யூ 187, டிபிடபிள்யூ 303 போன்ற ரகங்களை முன்பருவத்தில் விதைத்து, பரிந்துரைக்கப்பட்ட உரத்தில் ஒன்றரை மடங்கும் தொழு உரமும் இடும்போது, முதற்கணு தோன்றும் சமயத்திலும் கொடியிலைப் பருவத்திலும் 0.2 சதவீத அளவில் இதனைத் தெளிக்குமாறு பரிந்துரைக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது, குளோர்மெக்குவாட் தானாக விளைச்சலைக் கூட்டவில்லை என்பதே. கூடுதல் உரம் பயிரைச் சாய்த்துவிடாமல் அது காக்கிறது. சாதாரண அளவு உரமிட்டு, நீர் தட்டுப்பாடுள்ள நிலத்தில் பயிரிடுவோர் இதனைத் தெளித்தால் காப்பதற்கு ஒன்றுமிருக்காது.

மூன்றாவது, பார்லியை முளைகட்டி மால்ட் தயாரிக்கும் ஆலைகள். மிகச் சிறிதளவு ஜிப்பரலிக் அமிலம் முளைகட்டும் காலத்தைச் சுருக்குகிறது. தொட்டிக்குள் ஈரமும் வெப்பமும் கட்டுப்பாட்டில் இருப்பதாலும், அங்கு வேண்டப்படும் பொருளே நொதியாக இருப்பதாலும் ஆய்வுக்கூட விளைவு அப்படியே தொழிற்சாலை விளைவாகிறது. வயல்வெளிக்கும் தொட்டிக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

சட்டத்தின் இரு கிளைகள்

ஜிப்பரலிக் அமிலம், நாப்தலீன் அசெட்டிக் அமிலம், குளோர்மெக்குவாட், பாக்லோபியூட்ரசால் முதலிய ஒழுங்குபடுத்திகள் 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிகள் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட வேண்டியவை. கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், அமினோ அமிலக் கலவை போன்ற உயிர்த்தூண்டிகள் நீண்டகாலம் எச்சட்டத்திலும் அடங்காமல் விற்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை திருத்தப்பட்டு இவை அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டன. பூச்சிக்கொல்லிகள் சட்டத்தில் அடங்கும் ஒழுங்குபடுத்திகள் உயிர்த்தூண்டி ஆகா என்று அத்திருத்தத்தின் வரையறையே விலக்கிவைக்கிறது. உயிர்த்தூண்டியில் பூச்சிக்கொல்லி எதுவும் பத்து லட்சத்தில் 0.01 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்றும் வரம்பு விதிக்கப்பட்டுள்ளது.

மேலுறையைப் படிப்போர் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். கடைகளில் கிடைக்கும் ஜிப்பரலிக் அமிலக் கரைசல்களில் ஒரு வகை 0.001 சதவீதச் செறிவுடையது. அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம். விதை உற்பத்தி வயலில் ஒரு ஹெக்டேருக்குத் தெளிக்கும் 60 கிராமை இக்கரைசலின் வழியாகக் கொடுக்க வேண்டுமானால் 6,000 லிட்டர் வேண்டும். நோக்கங்கள் வேறானவை, ஆகவே அளவுகள் ஒத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆயினும் விதை வயலில் ஜிப்பரலிக் அமிலம் கண்ட வெற்றியை எடுத்துக்காட்டி, சாகுபடி வயலுக்கு இச்சிறு புட்டியை விற்பது பொருந்தாது என்பதை இக்கணக்கு காட்டும்.

இதைவிடக் கடுமையான சிக்கல், உயிர்த்தூண்டி என்று பெயரிட்ட புட்டியில் ஜிப்பரலிக் அமிலத்தை அறிவிக்காமல் கலப்பது. தெளித்த சில நாள்களிலேயே நெற்பயிர் கண்ணுக்குத் தெரியுமாறு நீள்வதால் உழவர் மகிழ்ந்து மறுபடியும் வாங்குவார். குட்டை நெல் இழந்த உயரத்தை அது மீட்டுக்கொடுப்பதும், தழைச்சத்து மிகுந்த வயலில் மழையும் காற்றும் வரும்போது பயிர் சாய்வதும் அறுவடை நெருங்கும்போதுதான் தெரியவரும். புட்டியின் மாதிரியை எடுக்கும் உர ஆய்வாளர் சத்துகளின் அளவை மட்டும் சோதனைக்கு அனுப்பினால் இக்கலப்பு வெளிப்படாது. பூச்சிக்கொல்லி எச்சத்தைக் காணும் சோதனையையும் சேர்த்துக் கேட்டாலன்றி, அறிக்கையில் 'தரத்துக்கு உட்பட்டது' என்றே வரும்.